தெருவுக்கே ஒரு பிரஷர்

நர்ஸ்: இல்லண்ணே, நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நேத்து காலையில ஒன்பது மணிக்கு உங்களுக்கு பிரஷர் தொண்ணூத்தெட்டு. ஒன்பதே காலுக்கு நூத்தி எழுபத்தொண்ணு. ஒன்பதரைக்கு நூத்திப் பதினெட்டு. நடுவுல செத்துப் பொழைச்சீங்களா?

சலூன்காரர்: ஒரு நிமிஷம் சிஸ்டர்... கையெல்லாம் நுரை. போனை கண்ணாடி கிட்ட சாய்ச்சு வச்சு ஸ்பீக்கர்ல போட்டுர்றேன்... ம், இப்போ சொல்லுங்க. சார், நீங்க தலையை லேசா பின்னாடி சாய்ங்க.

நர்ஸ்: யாரு அங்க?

சலூன்காரர்: கஸ்டமர். ஷேவிங்குக்கு வந்திருக்காரு. புது ஆளு. நல்ல மனுஷன்.

நாற்காலிக்காரர்: வணக்கம்மா.

நர்ஸ்: ...வணக்கம். அண்ணே, நான் கிளினிக்ல உங்க கிராஃபைத் திறந்து வச்சுக்கிட்டு அரை மணி நேரமா உக்காந்திருக்கேன். ரம்பம் மாதிரி இருக்கு. ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது...

சலூன்காரர்: வாழ்க்கையே அப்படித்தானே சிஸ்டர்.

நர்ஸ்: தத்துவம் வேண்டாம்.

சலூன்காரர்: அப்ப மிஷின் கெட்டுப் போயிருக்கும்.

நர்ஸ்: நாங்க கொடுத்த மிஷின். கொடுத்து முழுசா ஒரு மாசம் ஆகல. கையில பட்டையைச் சுத்துங்க, பட்டனை அமுக்குங்க, உங்க போனுக்கு வரும், போன்ல இருந்து என் கம்ப்யூட்டருக்கு வரும், நீங்க எதையும் எழுத வேண்டாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா?

சலூன்காரர்: சொன்னீங்க. சத்தியமா நான் எதையும் எழுதல.

நர்ஸ்: காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு தடவை பாருங்கன்னு சொன்னேன். நேத்து மட்டும் இருபத்தி மூணு தடவை.

சலூன்காரர்: ஒரு அக்கறைதான்...

நர்ஸ்: அண்ணே!

சலூன்காரர்: சரி சரி, கத்தாதீங்க. கஸ்டமர் கன்னத்துல கத்தி வச்சிருக்கேன்.

நாற்காலிக்காரர்: பரவாயில்ல, நீங்க பேசி முடிங்க. கத்தியை மட்டும் கீழ வச்சுட்டுப் பேசுங்களேன்.

சலூன்காரர்: இந்தா, வச்சுட்டேன் சார். சிஸ்டர், உள்ளதைச் சொல்லிர்றேன். மிஷினை கடையில வச்சிருக்கேன். ஷேவிங்குக்கு, கட்டிங்குக்கு வர்றவங்க பெஞ்சுல சும்மாதானே உக்காந்திருக்காங்க? முன்னாடி பேப்பர் வாங்கிப் போடுவேன். இப்போ எவன் படிக்கிறான்? ஒரு நாள் பக்கத்துக் கடை டெய்லர், 'என்னய்யா இது, எனக்கும் மாட்டு'ன்னாரு. மாட்டினேன். அவரைப் பாத்து பால்காரர். பால்காரரைப் பாத்து தபால்காரர்...

நர்ஸ்: எல்லாரும் உங்க பேர்லயா?

சலூன்காரர்: போன் என் போன்தானே?

நர்ஸ்: ஐயோ!

சலூன்காரர்: ஆப்ல ஒரு அம்மா குரல் வேற வருது சிஸ்டர். 'பாராட்டுகள்! இன்று நீங்கள் இருபது முறை அளந்துள்ளீர்கள்'ங்குது. பெஞ்சுல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் கைதட்டுறாங்க. என் கல்யாணத்துல கூட இத்தனை பேர் கைதட்டல.

நாற்காலிக்காரர்: வெளியில ஒரு போர்டு பாத்தேனே... 'முடி வெட்டினால் பிரஷர் இலவசம்'னு.

நர்ஸ்: போர்டா?!

சலூன்காரர்: சார், உங்களை யாராவது கேட்டாங்களா? வாயைத் திறந்தா நுரை உள்ள போயிரும்.

நர்ஸ்: அவரைப் பேசாம உக்காரச் சொல்லுங்க.

நாற்காலிக்காரர்: உக்காந்துட்டேன். இந்த மாதிரி குரலுக்கு எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாதுண்ணே. அனுபவத்துல சொல்றேன்.

நர்ஸ்: அண்ணே, இது விளையாட்டு இல்ல. நேத்து சாயங்காலம் டாக்டர் உங்க கணக்கைப் பாத்தாரு. இதுவரைக்கும் சராசரி நூத்தி இருபத்தெட்டு. ஆப் பச்சைக் கலர் காட்டுது. 'அடடே, அருமையா இறங்கியிருக்கே, மாத்திரையைப் பாதியாக்கிடலாம்'னு எழுதப் போயிட்டாரு. அவர் கையைப் பிடிக்காத குறையா நான்தான் நிறுத்தினேன்.

சலூன்காரர்: நூத்தி இருபத்தெட்டு நல்லதுதானே?

நர்ஸ்: யாருக்கு நல்லது? அது உங்க பிரஷர் இல்லண்ணே, உங்க தெருவோட பிரஷர். டெய்லர், பால்காரர், தபால்காரர் எல்லாரையும் போட்டுக் கலக்கி எடுத்த பிரஷர். தெருவுக்கா மாத்திரை கொடுக்க முடியும்?

சலூன்காரர்: சரி, தப்புதான். இன்னையில இருந்து யாருக்கும் மாட்ட மாட்டேன். போர்டையும் கழட்டிர்றேன். வச்சிரட்டுமா சிஸ்டர்? சாருக்கு நுரை காயுது.

நர்ஸ்: வைக்காதீங்க. இனிமேதான் விஷயத்துக்கே வர்றேன்.

சலூன்காரர்: இன்னும் வரலியா?

நர்ஸ்: இன்னைக்கு காலையில ஆறு பத்துக்கு ஒண்ணு வந்திருக்கு. மேல இருநூத்தி நாலு. கீழ நூத்தி இருபத்திரண்டு. லைன்ல இருக்கீங்களா?

சலூன்காரர்: இருக்கேன், இருக்கேன்... பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

நர்ஸ்: அது யாரு?

சலூன்காரர்: யாரு... ஆறு பத்துக்கா? ஆங், பேக்கரிக்காரரா இருக்கும். அவருக்குத்தான் மூக்கு நுனியில கோபம். காலையில கடை திறக்கும்போதே வந்து உக்காந்துக்குவாரு.

நர்ஸ்: பேக்கரிக்காரரும் எங்க கிட்டதான் பாக்கிறாரு. அவர் கிட்ட தனியா மிஷின் இருக்கு. ஆறு மணிக்கு அவர் அடுப்புல நிப்பாரு. நேத்து நூத்தி முப்பது. சமர்த்தா ரெண்டே தடவை பாக்கிறாரு.

சலூன்காரர்: அப்ப டிரில் மாஸ்டர். ஆமா ஆமா, அவரேதான். ஸ்கூல் பசங்களைக் கத்திக் கத்தி...

நர்ஸ்: ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் அவர் கிரவுண்டுல விசில் அடிச்சுக்கிட்டு இருப்பாரு. எங்க கிளினிக்கைத் திறக்கும்போதே எனக்குக் கேக்கும். இன்னைக்கும் கேட்டுச்சு.

சலூன்காரர்: அப்ப... யாரோ வழிப்போக்கர் சிஸ்டர். பேர் கூடத் தெரியாது. வந்தாரு, கையை நீட்டினாரு, பாத்தாரு, போயிட்டாரு.

நர்ஸ்: அண்ணே, இருநூத்தி நாலு. அந்த ஆளு ரோட்ல நடந்துக்கிட்டிருக்கும்போதே சுருண்டு விழலாம். கை கால் விழுந்துரலாம். உசுரே போகலாம். அவரைக் கண்டுபிடிக்காம இந்த போனை நான் வைக்க மாட்டேன். எப்படி இருந்தாரு? தலைவலின்னாரா?

சலூன்காரர்: ஆமா. பின்மண்டையில. சுத்தியலால தட்டுற மாதிரி இருக்காம்.

நர்ஸ்: நெஞ்சு வலி?

சலூன்காரர்: இல்லியாம்.

நர்ஸ்: கண்ணு மங்குதுன்னாரா?

சலூன்காரர்: மங்கலெல்லாம் இல்லியாம். நல்லா தெரியுதாம். முந்தாநாள்ல இருந்து சரியா தூக்கம்தான் இல்லியாம்.

நர்ஸ்: பேச்சு குழறுச்சா? வாய் ஒரு பக்கமா கோணியிருந்துச்சா?

சலூன்காரர்: அதெல்லாம் நேரா இருக்கு சிஸ்டர். நாள் பூரா கண்ணாடி முன்னாடிதானே...

நர்ஸ்: யாரு?

சலூன்காரர்: ...நான் நிக்கிறேன். கண்ணாடி முன்னாடி நான் நிக்கிறேன்ல? அதுல அவரைப் பாத்தேன். நேராத்தான் இருந்துச்சு.

நாற்காலிக்காரர்: பேர் தெரியாத வழிப்போக்கர்... தூக்கம் வராதது வரைக்கும் சொல்லிட்டுப் போயிருக்காரே.

சலூன்காரர்: சலூன் சார் இது. தலையைக் கொடுத்துட்டா மனுஷன் மனசையும் சேர்த்துக் கொடுத்துருவான். வீட்ல பொண்டாட்டி கிட்ட சொல்லாததை எல்லாம் இங்க சொல்லுவாங்க. நீங்கதான் உக்காந்து இத்தனை நேரமாச்சு, ஒண்ணும் சொல்லல.

நாற்காலிக்காரர்: முதல்ல மீதிக் கன்னத்தை எடுங்க, சொல்றேன்.

நர்ஸ்: எடுக்க வேண்டாம்!

நாற்காலிக்காரர்: சரிம்மா.

சலூன்காரர்: என்ன சிஸ்டர், அவரு ஒரு பக்கம் சவரம் பண்ணி ஒரு பக்கம் காடா உக்காந்திருக்காரு...

நர்ஸ்: உக்காரட்டும். அண்ணே, அந்த வழிப்போக்கர் எத்தனை தடவை பாத்தாரு?

சலூன்காரர்: ஒரு தடவைதான். அவசரமாப் போகணும்னாரு.

நர்ஸ்: ஆறு பத்துக்கு இருநூத்தி நாலு. ஆறு பதிமூணுக்கு இருநூத்தி ஆறு. ஆறு பதினேழுக்கு இருநூத்தி மூணு. உங்க டெய்லர், உங்க பால்காரர் எல்லாரும் ஒரே ஒரு தடவைதான் பாக்கிறாங்க. விளையாட்டுக்குப் பாக்கிறவன் ஒரு தடவை பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருவான். பயந்தவன்தான் மூணு தடவை பாப்பான்.

சலூன்காரர்: நான்தான் சொன்னேன், இன்னொரு தடவை பாருங்கன்னு...

நர்ஸ்: சரி. திங்கட்கிழமை உங்களுக்கு என்ன கிழமை?

சலூன்காரர்: இது என்ன கேள்வி? திங்கட்கிழமை திங்கட்கிழமைதான். கடைக்கு வார லீவு.

நர்ஸ்: கடை பூட்டியிருக்கும்.

சலூன்காரர்: பூட்டித்தான்...

நர்ஸ்: கஸ்டமர் வர மாட்டாங்க.

சலூன்காரர்: ...மிஷினை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவேன் சிஸ்டர், பத்திரமா இருக்கட்டும்னு.

நர்ஸ்: முதல் திங்கட்கிழமை மூணு தடவை. நூத்தி எழுபத்தெட்டு, எழுபத்தேழு, எண்பது. அடுத்த திங்கட்கிழமை மூணு தடவை. நூத்தி எண்பத்தாறு, எண்பத்தொன்பது, எண்பத்தாறு. இந்த வாரம் மூணு தடவை. நூத்தி தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தி ரெண்டு. வேற யாருமே இல்லாத நாள்ல, ரம்பத்துக்கு நடுவுல மூணு இடத்துல மட்டும் பல்லு இறங்காம மேலயே நிக்குதுண்ணே.

சலூன்காரர்: மச்சான் வந்திருந்தாரு... ஊர்ல இருந்து...

நர்ஸ்: மூணு திங்கட்கிழமையுமா?

சலூன்காரர்: அவருக்கு வேலை வெட்டி கிடையாது.

நர்ஸ்: அண்ணே, போதும். ஊர்த் தலையெல்லாம் உங்க கையில, உங்க தலையை மட்டும் எங்க கொண்டு போய் ஒளிச்சு வைக்கிறீங்க?

நாற்காலிக்காரர்: அண்ணே... உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க முதல்ல.

சலூன்காரர்: நீங்க ஸ்பீக்கரை அணைங்க சார்.

நாற்காலிக்காரர்: இருக்கட்டும்ணே. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு.

சலூன்காரர்: சிஸ்டர்... நான் வேணும்னு ஆரம்பிக்கல. டெய்லருக்கு மாட்டினது விளையாட்டாத்தான். ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஆப்பைப் பாத்தா, அதுவரைக்கும் சிவப்பா இருந்தது மஞ்சளாயிருச்சு. மறுநாள் இன்னும் நாலு பேருக்கு மாட்டினேன். பச்சையாயிருச்சு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. நான் மறைச்சேன் பாத்தீங்களா? கூட்டத்துல கலந்து ஒளிஞ்சுக்கிட்டேன். அந்தப் பச்சையைப் பாக்கப் பாக்க, எனக்கே நிஜமாவே குறைஞ்சிட்ட மாதிரி இருந்துச்சு... திங்கட்கிழமை மட்டும் மூணு தடவை பாப்பேன், ஒரு தடவையாவது குறையாதான்னு.

நர்ஸ்: மாத்திரை?

சலூன்காரர்: இருக்கு.

நர்ஸ்: எங்க இருக்கு?

சலூன்காரர்: டிராயர்ல. சீப்புக்குப் பக்கத்துல.

நர்ஸ்: எத்தனை போட்டீங்க?

சலூன்காரர்: மூணு.

நர்ஸ்: ஒரு நாளைக்கா?

சலூன்காரர்: மொத்தமா.

நர்ஸ்: அட கடவுளே... ஏண்ணே?

சலூன்காரர்: மூணாவது நாள் எந்திரிக்கும்போது லேசா தலை சுத்துச்சு. அன்னைக்கு ஒரு கஸ்டமர் சொன்னாரு, இந்த மாத்திரை போட்டா கை நடுங்கும்னு.

நர்ஸ்: என்ன படிச்சவரு அவரு?

சலூன்காரர்: லாரி டயர் விக்கிறாரு.

நர்ஸ்: டயர் விக்கிறவர் சொன்னதைக் கேட்டீங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த ஆப்லயே எனக்கு எழுதுற இடம் இருக்கே! நான் எத்தனை தடவை கேட்டேன், மாத்திரை ஒத்துக்குதா, மாத்திரை ஒத்துக்குதான்னு? ஒவ்வொரு தடவையும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறீங்க!

சலூன்காரர்: வேற என்ன காட்டுறது?

நர்ஸ்: தலை சுத்துதுன்னு சொல்லியிருந்தா டாக்டர் வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்பாரே. அதுக்குத்தானே இத்தனை ஏற்பாடும்?

சலூன்காரர்: உங்களுக்குப் புரியாது சிஸ்டர். டீச்சருக்கு பிரஷர்னா பாவம்பாங்க. ஆபீசருக்கு பிரஷர்னா வேலை ஜாஸ்திம்பாங்க. எனக்கு? கழுத்துல கத்தி வைக்கிறவன் நான். எனக்குத் தொழில் கத்துக் கொடுத்த மாமா நெருப்பு மாதிரி வேலைக்காரர். ஒரு நாள் கடையில தலை சுத்தி உக்காந்துட்டாரு, ரெண்டே நிமிஷம். யாருக்கும் ஒரு கீறல் கூட விழல. ஆனா மறுநாள்ல இருந்து, 'முடி மட்டும் வெட்டுங்க, ஷேவிங்கை வீட்ல பாத்துக்கிறோம்'னாங்க. அப்புறம் முடிக்கும் வரல. யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல. வரல, அவ்வளவுதான். அவரு காலி நாற்காலியைத் துடைச்சுத் துடைச்சே... விடுங்க. பிரஷர்க்காரன் கையில இருக்கிற கத்திக்கு எவன் கழுத்தை நீட்டுவான்? இந்த சார் இப்போ எந்திரிச்சு ஓடிருவாரு பாருங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன் சார். துண்டு அங்க இருக்கு, நுரையைத் துடைச்சுக்கோங்க.

நாற்காலிக்காரர்: நான் எங்கயும் போகல.

நர்ஸ்: அண்ணே, இப்போ கிளம்புங்க. கடையைச் சாத்துங்க. தலைவலியோட இருநூத்தி நாலை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு.

சலூன்காரர்: வர்றேன் சிஸ்டர், வரலேன்னா சொன்னேன்? சாருக்கு மீதிக் கன்னத்தை மட்டும் முடிச்சிட்டு...

நர்ஸ்: கத்தியைத் தொடாதீங்க!

சலூன்காரர்: பாதி சவரத்துல ஒரு மனுஷனை எப்படி விட்டுட்டு வர்றது? வாசல் தாண்டினா தெருவே சிரிக்கும். முப்பது வருஷத்துல நான் ஒருத்தரைக் கூட பாதியில எழுப்பினது இல்ல.

நர்ஸ்: அவருக்கு ஒண்ணும் ஆகாது!

சலூன்காரர்: அதை நீங்க எப்படிச் சொல்றீங்க? அவரு மூஞ்சி, அவரு சொல்லட்டும். நடந்து வர்றதுக்கும் அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள...

நர்ஸ்: நடந்தெல்லாம் வர வேண்டாம். வண்டி இருக்கு.

சலூன்காரர்: எந்த வண்டி?

நர்ஸ்: வாசல்ல நிக்குது பாருங்க.

சலூன்காரர்: வாசல்ல ஒரு டாக்ஸிதான் நிக்குது. அது இந்த சாரோடது. வரும்போது ஓரமா நிறுத்திட்டு... சார்?

நாற்காலிக்காரர்: ஹி ஹி.

சலூன்காரர்: சார், நீங்க...

நர்ஸ்: என் வீட்டுக்காரர்ணே. உங்களைக் கையோட கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பினேன். ஏங்க, அவரைக் கூட்டிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்? உங்களை யாரு நாற்காலியில ஏறி உக்காரச் சொன்னது? அதுவும் இருநூத்தி நாலு வச்சிருக்கிறவர் கத்திக்குக் கீழ!

நாற்காலிக்காரர்: கூப்பிட்டவுடனே வர்ற ஆளா இவரு? கஸ்டமர் மாதிரி உக்காந்தாத்தான் கடையிலயே பிடிச்சு வைக்க முடியும்னு நினைச்சேன். நீ போன் பண்ற வரைக்கும் பேசிக்கிட்டிருக்கலாம்னு பாத்தா, மனுஷன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நுரையைப் பூசிட்டாரு.

சலூன்காரர்: அப்ப... இருநூத்தி நாலு என்னோடதுன்னு உங்களுக்கு...

நாற்காலிக்காரர்: ஏழு மணிக்கே தெரியும்ணே. இவளை கிளினிக்ல இறக்கி விட்டப்பவே காட்டினா.

சலூன்காரர்: தெரிஞ்சுமா இந்த நாற்காலியில... என் கத்திக்கு...

நாற்காலிக்காரர்: எவன் கழுத்தை நீட்டுவான்னு கேட்டீங்கல்ல? தெரிஞ்சே ஒருத்தன் நீட்டினேன், பாருங்க, ஒரு கீறல் இல்ல. எந்திரிங்க, கையைக் கொடுங்க, வண்டியில ஏறுங்க. மீதிக் கன்னத்தை நீங்க குணமாகி வந்து எடுத்து விடுங்க... அதுவரைக்கும் நான் இப்படியேதான் சவாரி ஓட்டுவேன். வேற ஒருத்தர் கத்தி இதுல படாது.